மாமனார் காட்டிய மரம்

2019 ஏப்ரல் 26, வெள்ளி. மாலை 7:40.

முதலில் ஒரு திருத்தம். திங்கட்கிழமைக் குறிப்பில், என் மரத்துக்கும் மாமாவின் மரத்துக்கும் நடுவே நாற்பது தப்படி என்று எழுதியிருக்கிறேன். தவறு. இன்று அடக்கமும் சாப்பாடும் முடிந்ததும் தனியாகப் போய் நடந்து அளந்தேன். அறுபத்திரண்டு தப்படி. இருட்டில் அவர் காலடியைக் காதால் மட்டும் எண்ணியதால் குறைந்திருக்கிறது.

மற்ற எண்கள் சரி. கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டியிருந்தேன். தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் தாழ்த்தினால் மணி தெரியும். ஒவ்வொரு நேரத்தையும் மனதுக்குள் சொல்லி வைத்துக்கொண்டு, அன்று மதியமே எழுதிவிட்டேன்.

இது நடந்தது. நான் குடிப்பதில்லை. அன்று காய்ச்சலும் இல்லை. கனவா என்று என்னையே நூறு தடவை கேட்டுவிட்டேன். ஏழு மணி நேரம் உட்கார்ந்தபடி யாரும் ஒரே கனவைக் காண முடியாது. நான் போகும் செவ்வாய், வியாழன் மாலை எழுத்து வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: பார்த்ததையும் கேட்டதையும் எழுது, நினைத்ததைத் தள்ளி வை. அப்படியே செய்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

என் பெயர் எமெட் டாக்கெட். வயது இருபத்து நான்கு. பிப்ரவரியில் மரம் அறுக்கும் ஆலையில் வேலை போனது. அடுத்த வாரமே மாமனார் கார்லண்ட் புரூயிட் தன் வண்டியில் வந்து என் மனைவி டெல்லாவையும், பிறந்து ஐந்து வாரமே ஆன எங்கள் மகள் ஓப்பலையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. டயர் கடையில் வேறு வேலை கிடைத்த பிறகும் அனுப்பவில்லை.

ஈஸ்டர் ஞாயிறு அன்று சாப்பாட்டுக்கு வரச் சொன்னார். போனேன். மேஜையில் மாமா, அத்தை வில்மா, டெல்லாவின் அண்ணன் ராய்ஸ், டெல்லா. ஓப்பல் அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன மாப்பிள்ளை, வெறுங்கையோட வந்திருக்கே? வயித்தை மட்டும் கொண்டு வந்தியா?" என்றார் மாமா.

"பாவம்ப்பா. போன வருஷம் இவன் துப்பாக்கியத் தூக்கின அழகப் பாத்து, அந்த வான்கோழிச் சேவல் சிரிச்சுக்கிட்டே நடந்து போச்சு" என்றான் ராய்ஸ்.

"மூக்கு அரிச்சுது மச்சான்."

"மூக்கு அரிச்சுதாம்! இருபத்திரண்டு பவுண்டுச் சேவல் அப்பா. மூக்கச் சொறிஞ்சதுல போச்சு."

மாமா பன்றி இறைச்சியை வெட்டியபடியே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நாளைக்குக் காலைல வா. ஒரு மரம் காட்டுறேன். நான் வந்து உன் தோள்ல தட்டுற வரைக்கும் அதுல சாஞ்சு ஒக்காரு. மூணு மணி நேரமோ, ஏழு மணி நேரமோ. எழுந்திரிக்காம இருந்தேன்னா, மதியமே உன் பொண்டாட்டியையும் புள்ளையையும் கூட்டிட்டுப் போ. எழுந்திரிச்சேன்னா, இந்த வீட்டுப் படி ஏறாத."

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா?" என்றாள் டெல்லா.

"உன்னை யாரு கேட்டா?"

அடுப்புப் பக்கமிருந்து அத்தை திரும்பினாள். "எந்த மரம்?"

மாமா இன்னொரு துண்டு இறைச்சியை வெட்டினார்.

"கார்லண்ட். எந்த மரம்னு கேட்டேன்."

"நீ குழம்பைப் பாரு."

அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். அன்று அவள் சாப்பிடவே இல்லை. அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு டெல்லாவும் ஓப்பலும் வேண்டும். அதற்கு நான் செய்ய வேண்டியதெல்லாம் சும்மா உட்கார்ந்திருப்பது. அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

வசந்தகால வான்கோழி வேட்டைக்குப் போகாதவர்களுக்காக இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். வான்கோழிக்கு மோப்பம் கிடையாது. கண்தான் எல்லாம். நூறு தப்படி தள்ளி ஒரு விரல் அசைந்தால் போதும், ஓடிவிடும். அதனால் அகலமான மரத்தில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தால், உட்கார்ந்ததுதான். சேவலை வரவழைக்கப் பெட்டைக் கோழி மாதிரி குரல் கொடுப்பார்கள். உள்ளங்கை நீளத்துக்கு ஒரு மரப்பெட்டி. மேல் மூடியைச் சாக்குக்கட்டி தேய்த்து விளிம்பில் இழுத்தால், அசல் பெட்டையின் குரல்.

இரண்டாவது விஷயம். வான்கோழிக் குரல் கேட்டால் அதை நோக்கி நடக்கவே கூடாது. குரல் கொடுப்பது கோழியாகவும் இருக்கலாம், பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் மனிதனாகவும் இருக்கலாம். எழுந்து நடப்பவனைக் கோழி என்று நினைத்து இன்னொருவன் சுடுவான். எங்கள் மலையில் பிள்ளைகளுக்கு நடக்கக் கற்றுக்கொடுக்கும்போதே இதையும் சொல்லிவிடுவார்கள்.

திங்கள், ஏப்ரல் 22.

காலை 4:35. மாமாவின் வண்டியில் மூன்று பேர். நல்ல குளிர். ராய்ஸ் காபியை உறிஞ்சிக்கொண்டே என் தொடையில் தட்டினான்.

"மாப்ளக்கு நல்ல மரமாப் பாத்து வச்சிருக்கோம். என்னப்பா?"

"வாய மூடு" என்றார் மாமா.

ராய்ஸ் சிரிப்பை நிறுத்திவிட்டான். மாமா அவனை அதட்டி நான் பார்த்ததே இல்லை. அதட்டுவதெல்லாம் என்னைத்தான்.

ராய்ஸ் மலை முகட்டிலேயே இறங்கிக்கொண்டான். அவன் இடம் மறுபக்கச் சரிவில், முக்கால் மைல் தள்ளி. நானும் மாமாவும் பள்ளத்துக்குள் இறங்கினோம். 5:10க்கு ஒரு பெரிய ஓக் மரத்தின் முன்னால் நின்றார். கைவிளக்கின் சிவப்பு வெளிச்சத்தால் அதைக் காட்டினார்.

"இதான்."

எனக்கு இரண்டு விஷயம் வித்தியாசமாகப் பட்டது. ஒன்று, மாமா அந்த மரத்தின் பக்கத்தில் வரவில்லை. நாலைந்து அடி தள்ளியே நின்றார். இன்னொன்று, காடு முழுக்கக் கணுக்கால் ஆழத்துக்குச் சருகு கிடந்தது. அந்த மரத்தின் பின்பக்க அடியில் மட்டும் ஒரு சருகுகூட இல்லை. ஒரு ஆள் சம்மணமிட்டு உட்காரும் அளவுக்கு மண் வழவழவென்று இருந்தது.

"இங்க யாராவது ஒக்காருவாங்களா மாமா?"

"நீதான் ஒக்காரப் போறே. உன் பெட்டிய வெளிய எடுக்காத. கூப்பிடுறத நான் பாத்துக்கிறேன். என்ன கேட்டாலும் சரி, அசையாத."

"என்ன கேட்டாலும்னா?"

"கோழி கேக்கும். வேற என்ன கேக்கும்? முட்டாப் பய."

நடந்து போனார். சருகில் அவர் காலடி சரக், சரக் என்று கேட்டது. அந்தத் தப்படிகளை எண்ணினேன். நாற்பது. 5:21க்கு விளக்கு அணைந்தது. அவர் ஒரு மரத்தில் சாய்ந்து உட்காரும் சத்தம் கேட்டது.

நான் மரத்தின் முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தேன். முகத்தில் வலைத்துணி. துப்பாக்கி முழங்காலில். கண்ணை மூடி ஓப்பலின் முகத்தை நினைத்துக்கொண்டேன். ஒன்பது வாரமாக நான் அவளைத் தூக்கவில்லை.

5:48. சேவலைப் பதில் குரல் கொடுக்க வைக்க மாமா ஆந்தை மாதிரி கத்தினார். முகட்டு மரம் ஒன்றின் உச்சியிலிருந்து ஒரு சேவல் களகளவென்று பதில் குரல் கொடுத்தது. பெரிய சேவல். எனக்கு உடம்பெல்லாம் சூடானது.

6:04. குருவிகள் கத்த ஆரம்பித்தன. வெளிச்சம் வந்தது. கீழே வெள்ளைப் பூ மரங்கள் தெரிந்தன. மாமா இருந்த இடம் புதர் மறைவில். அவரைப் பார்க்க முடியவில்லை.

6:31. மாமாவின் பக்கமிருந்து ஒரு சத்தம். தொப். மாவு மூட்டையைக் கீழே போட்ட மாதிரி. காலை நீட்டி உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தேன்.

நினைத்ததைத் தள்ளி வை என்றார்கள். ஆனால் இதை நான் நினைத்தேன் என்பதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

6:38. அதே பக்கத்திலிருந்து...

க்யோக். க்யோக். க்யோக்.

பெட்டைக் குரல். மாமா பெட்டியை எடுத்துவிட்டார் என்று எண்ணினேன்.

கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. மறுபடியும்...

க்யோக். க்யோக். க்யோக்.

மூன்று. பெட்டை மூன்றோடு நிறுத்தாது. ஐந்து, ஏழு, சில சமயம் ஒன்பது. மாமாவுக்குத் தெரியாததா? அவர் பெட்டி இழுத்தால் உண்மையான பெட்டைகளே பொறாமையில் சண்டைக்கு வரும். இது அப்படி இல்லை. ஈர மரத்தில் மூடியை இழுத்த மாதிரி. ஒவ்வொரு குரலும் முடிவில் கிழிந்தது.

என்னைச் சோதிக்கிறார் என்று முடிவு செய்தேன். எண்ண ஆரம்பித்தேன்.

7:20 வரைக்கும் நாற்பத்தாறு தடவை. ஒவ்வொரு தடவையும் மூன்று. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரு கட்டத்தில் எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

7:20. நின்றது.

அப்போதுதான் கவனித்தேன். குருவிகளும் நின்றுவிட்டன. முகட்டுச் சேவலும் இல்லை.

7:33. மறுபடியும் க்யோக். க்யோக். க்யோக்.

பக்கத்தில். எனக்கும் மாமாவுக்கும் நடுவில்.

கண்ணை மட்டும் திருப்பினேன். காய்ந்த சருகு. ஒரு அணில் ஓடினாலே ஆள் நடக்கிற மாதிரி கேட்கும். காலடிச் சத்தம் இல்லை. கோழி இல்லை. மாமா இல்லை.

7:52. இன்னும் பக்கத்தில். பத்துத் தப்படி இருக்கும். எனக்கு நேர் எதிரே, ஒரு வெறும் பாறை. குரல் அந்தப் பாறையின் மேலிருந்து வந்தது.

பாறையில் ஒன்றுமே இல்லை...

க்யோக். க்யோக். க்யோக்.

ஒன்றுமே இல்லை.

எழுந்து ஓடியிருக்கலாம். எந்த மனிதனும் ஓடியிருப்பான். ஆனால் டெல்லா, ஓப்பல். எழுந்தால் போச்சு. வேறு எதுவும் என் தலைக்குள் வரவில்லை.

8:07. குரல் எனக்குப் பின்னால் வந்துவிட்டது.

மரத்துக்கு மறுபக்கம். சருகே இல்லாத அந்த இடத்தில்.

இழுத்தது. பெட்டி மூடியின் அந்த இழுப்பு என் முதுகில் தெரிந்தது. மரத்தின் வழியாக. மூன்று தடவை.

பிறகு ஒரு மனிதக் குரல். என் காதுக்கு ஒரு சாண் தள்ளி.

"அசையாத."

தடித்த குரல். வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி, கொளகொளவென்று. மாமாதான் என்று நினைத்தேன். புகையிலையை அடக்கிக்கொண்டு பேசுகிறார். பின்னால் வந்து என்னைப் பயமுறுத்துகிறார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது.

8:15. என் இடது தோளில் ஒரு சொட்டு விழுந்தது.

வெதுவெதுப்பாக.

இன்னொன்று.

புகையிலை எச்சில். என் மேல் துப்புகிறார். அவர் செய்யக்கூடியவர்தான். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். துடைக்கவில்லை. துப்பட்டும். மதியம் என் மகள் என் வீட்டில் இருப்பாள்.

8:20. முன்பக்கம், புதர் மறைவில், வேறொரு சத்தம். சருகைக் கிளறுகிற சத்தம். சர்ர்... சர்ர்... விட்டு விட்டு. சேவல் இரை கிளறும்போது அப்படித்தான் கேட்கும். ஆனால் கனமாக இருந்தது.

என்ன என்று பார்க்கலாம் என்று தலையை ஒரு அங்குலம் தூக்கினேன்.

"அசையாத."

நிறுத்தினேன்.

சர்ர்...

சொட்டு.

சர்ர்...

சொட்டு.

9:00.

10:00. கிளறல் மெதுவானது.

10:41. கிளறல் நின்றது.

11:10. சொட்டு நின்றது.

குருவிகள் கத்தின.

12:25க்கு ராய்ஸ் வந்தான். தூரத்திலேயே விசிலடித்துக்கொண்டு, பேசிக்கொண்டு வந்தான். "டேய் மாப்ள! இன்னும் ஒக்காந்திருக்கியா? செத்துட்டியா, இருக்கியா? அப்பா எங்க?"

"உங்கப்பா தட்டாம எழுந்திரிக்க மாட்டேன்" என்றேன்.

"அடப் பாவி. எழுந்திரி. நான் சொல்றேன், எழுந்திரி."

கால் மரத்துப் போயிருந்தது. அவன்தான் தூக்கிவிட்டான். தோளைப் பார்த்தேன். கறை இல்லை. ஈரம்கூட இல்லை.

இருவரும் புதருக்கு அந்தப் பக்கம் போனோம்.

மாமா மரத்தடியில் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. வாய் இடது பக்கம் கோணியிருந்தது. வலது கை சருகைக் கிளறி, அடியிலிருந்த மண்ணையும் கிளறி, ஒரு முழத்துக்குப் பள்ளம் பறித்திருந்தது. நகங்களில் இரத்தம். துப்பாக்கி அவர் முழங்காலில், குழல் என் மரத்தைப் பார்த்தபடி. சுடத் தயாராக, அதன் பாதுகாப்புப் பூட்டு விடுவிக்கப்பட்டிருந்தது.

ராய்ஸ் அவர் பக்கத்தில் மண்டியிட்டான். "அப்பா. அப்பா. எழுந்திரிங்க. மாப்ள ஜெயிச்சுட்டான்ப்பா, எழுந்திரிங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

பரிசோதித்த டாக்டர் சொன்னது இது. மூளையில் இரத்தக் குழாய் அடைப்பு. காலை ஆறரை வாக்கில் வந்திருக்கும். ஒரு பக்கம் செயலிழந்து, பேச்சும் போயிருக்கும். நினைவு இருந்திருக்கும். பத்தரை, பதினொன்று வரைக்கும் உயிர் இருந்திருக்கும். எட்டு மணிக்குள் யாராவது பார்த்திருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு.

அவருடைய பெட்டி மேலங்கிப் பையிலேயே இருந்தது. நடக்கும்போது சத்தம் வராமல் இருக்கப் போடும் ரப்பர் வளையம்கூடக் கழற்றப்படவில்லை.

ஷெரிப் ஆபீஸ் ஆள் என்னிடம் கேட்டார். "எதாவது சத்தம் கேட்டுச்சா?"

"இல்ல" என்றேன்.

டெல்லா அன்று மாலை கேட்டாள். "கூப்பிடு தூரத்துல எங்கப்பா செத்துக்கிட்டு இருந்தாரு. நீ அங்கதான் இருந்தே. உனக்கு ஒண்ணுமே கேக்கலையா எமெட்?"

"இல்ல."

"கேட்டும் ஒக்காந்திருந்தேன்னு மட்டும் எனக்குத் தெரிஞ்சா, என்னால உன் மூஞ்சில முழிக்க முடியாது. நெஜமா சொல்லு."

"ஒண்ணுமே கேக்கல டெல்லா."

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மறுநாள் ஓப்பலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்பா கொடுத்த வாக்கை யாரும் மீறக் கூடாது என்றாள்.

செவ்வாய் சாயங்காலம் அத்தை வீட்டில், வந்தவர்கள் சாப்பிட்ட தட்டுகளை அவள் கழுவ, நான் துடைத்துக்கொண்டிருந்தேன். வேறு யாரும் இல்லை. யாரிடமாவது கொஞ்சமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

"அத்தை, மாமா நேத்துக் காலைல என் பின்னால வந்து நின்னார்னு நினைக்கிறேன். புகையிலை எச்சில என் தோள்ல துப்பினார்."

"புகையிலையா? டாக்டர் திட்டினதுல ஜனவரியோட விட்டாச்சே. வாயில வைக்கிறதே இல்ல."

தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"எந்தத் தோள்?"

"இடது."

"பெட்டைக் குரல் கேட்டுச்சா?"

துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தேன்.

"எத்தனை எமெட்? எத்தனை எத்தனையா?"

"மூணு மூணா."

குழாய் திறந்தே இருந்தது. அத்தை அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"உங்க மாமாவுக்கு லைமன்னு ஒரு தம்பி இருந்தான். பதினாலு வருஷம் முன்னாடி, அந்த மரத்துக்குப் பின்னாடிதான் ஒக்காந்திருந்தான். விடிஞ்சதும் யாரோ சுட்டுட்டாங்க. கழுத்துல, இடது பக்கம். கத்த முடியல. எழுந்திரிக்க முடியல. கையில பெட்டி இருந்துச்சு. இழுத்தான். மூணு மூணா இழுத்தான். மூணு தடவை கூப்பிட்டா உதவிக்குன்னு வேட்டைக்குப் போறவன் எவனும் புரிஞ்சுக்குவான்னு. நாலு மணி நேரத்துக்கு மேல இழுத்தான்."

"மாமா?"

"மாமா அவரோட மரத்துலதான் ஒக்காந்திருந்தாரு. போலீஸ்ல என்ன சொன்னாரு தெரியுமா? 'கோழின்னு நினைச்சேன்.' அவ்வளவுதான். எல்லாரும் நம்பினாங்க. குரல் கேட்டா எழுந்து போகக் கூடாதில்ல? சட்டத்தை மதிச்ச மனுஷன்னு தோளைத் தட்டிட்டுப் போனாங்க."

"நீங்க நம்பினீங்களா?"

"என்கிட்ட வேற சொன்னாரு. 'அது லைமன்தான்னு எனக்கு மொதல்லயே தெரியும், என் வேட்டையக் கெடுக்க வேணும்னே தப்பும் தவறுமா இழுக்கிறான்னு கோவம், அதான் எழுந்திரிக்கல'ன்னாரு." அத்தை குழாயை மூடினாள். "டெல்லாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீ சொல்றதும் சொல்லாததும் உன் பாடு."

அந்தப் பெட்டி? லைமனோடேயே புதைத்துவிட்டார்களாம்.

தொடக்கத்துத் திருத்தத்தைத் தவிர, இதுவரைக்கும் நடந்ததை வியாழன் அன்றே எழுதி முடித்திருந்தேன். இதோடு முடிந்தது என்றும் நினைத்திருந்தேன். இன்று நடந்ததைச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் எல்லோரும் கோழி வறுவலும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ராய்ஸ் என்னை வெளியே வண்டிகள் நிற்கும் பக்கம் கூட்டிப் போனான். கண் வீங்கியிருந்தது. ஆனால் பேச்சு அவன் அப்பாவின் பேச்சு.

"நாளைக்குக் காலைல வர்றேன். தயாரா இரு."

"எதுக்கு மச்சான்?"

"ஆள மண்ணுக்குள்ள வச்ச மறுநாள் அவரு துப்பாக்கிய அவரு மரத்துக்குக் கொண்டு போகணும். எங்க வீட்டு வழக்கம். அப்பா மரத்துல நான். உன் மரத்துல நீ."

"என் மரத்துல நீ ஒக்காரேன். நான் அங்க ஒக்காருறேன்."

சிரித்தான். "எனக்குப் பதினாறு வயசுல ஒரு தடவை ஆச்சு. போதும்."

"என்ன ஆச்சு?"

தொப்பியைக் கழற்றினான். வலது காதின் மேல் விளிம்பு இல்லை. அதை நான் நாலு வருஷமாகப் பார்த்திருக்கிறேன். சின்ன வயதில் நாய் கடித்தது என்று டெல்லா சொல்லியிருந்தாள்.

"பின்னாடி சத்தம் கேட்டுச்சு. பயந்து எழுந்திரிச்சேன். அடுத்த நொடி அப்பா சுட்டுட்டாரு. ரெண்டு அங்குலம் தள்ளியிருந்தா மூஞ்சியே இல்ல. ஓடி வந்து என்னைக் கட்டிக்கிட்டு அழுதாரு. 'கோழின்னு நினைச்சேன்டா, கோழின்னு நினைச்சேன்டா'ன்னு."

அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டான்.

"அந்த மரத்துலேர்ந்து எது எழுந்திரிச்சாலும் அவருக்குக் கோழியாத்தான் தெரியும் போல. வருஷா வருஷம் யாரையாவது அங்க ஒக்கார வச்சுப் பாப்பாரு. இந்த வருஷம் நீ. நல்ல வேளை, நீ எழுந்திரிக்கல."

"நான் வரல மச்சான்."

"ஏன்? நீதான் ஒண்ணுமே கேக்கலேன்னு டெல்லாகிட்டச் சொன்னியே." என் முகத்தையே பார்த்தான். "கேக்கலதானே?"

"கேக்கல."

"அப்ப என்ன பயம்?"

உள்ளேயிருந்து டெல்லா ஓப்பலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அண்ணன் சொல்லிச்சு. போயிட்டு வா எமெட். அப்பாவுக்காக" என்றாள். என் கன்னத்தில் முத்தமிட்டாள்.

சரி என்றேன்.

மாமாவின் துப்பாக்கி ராய்ஸின் வண்டியில் இருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தான்.

நாளைய வேலை: 3:40க்கு எழ வேண்டும். ஓப்பலுக்குப் பால் கலக்கி வைத்துவிட்டுப் போக வேண்டும். உள்ளே பச்சை பனியன்தான். வெள்ளையும் சிவப்பும் கூடாது, சேவலின் தலை நிறம். 4:10க்கு ராய்ஸ் வருவான். 5:15க்குள் மரத்தடியில் உட்கார்ந்துவிட வேண்டும்.